குறைந்த செலவில் வாகனப் பராமரிப்பு: வீட்டிற் செய்த கருவிகளும் அவற்றின் எல்லையும்



பலெர்மோவில் பல்லாரோச் சந்தையை அண்டிய தெருக்களிலும், காப்போ, வியா மக்குவேதா ஆகிய பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மோட்டார் வாகனம் ஆடம்பரப் பொருள் அன்று. மொந்தெல்லோவில் வீட்டுப் பராமரிப்பு வேலைக்குச் செல்பவருக்கும், விடியுமுன் சந்தைக்குப் பொருள் ஏற்றிச் செல்பவருக்கும், பேருந்து இல்லாத நேரத்தில் முதியோரைக் கவனிக்கச் செல்பவருக்கும் அது வருமானத்தின் ஒரு பகுதியாகும். அவ்வாகனம் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டு பழையது. அது ஒரு நாள் நின்றுவிட்டால் அன்றைய கூலியும் நின்றுவிடும். ஆகவே, சிறு பழுதுகளையும் வழமையான பராமரிப்பையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாமா, அதற்கு வேண்டிய கருவிகளைக் கைவசமுள்ள பொருள்களைக் கொண்டு ஆக்கிக்கொள்ளலாமா என்னும் கேள்வி இயல்பாகவே எழுகிறது. இவ்வுரை அக்கேள்விக்கே விடை தர முற்படுகிறது.

இந்நகரில் வாழும் தமிழருள் நடுவயதைத் தாண்டிய யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிய கலை அன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள், பற்றரி முதலிய பொருள்கள் செல்வது தடுக்கப்பட்டது, மின்சாரமும் நின்றது. 1995 இன் இறுதிவரை அங்கு வாழ்ந்தோர் பெற்றோலைத் துளிக் கணக்கில் எண்ணினர். ஆயினும் வீதிகளில் வாகன ஓட்டம் அடியோடு நின்றுவிடவில்லை. 1950 களில் இங்கிலாந்தில் உற்பத்தியான ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மோட்டார் சைக்கிள்களும் அவ்வாறே ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலை ஒரு குழாய் வழியாகக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினை இயக்குவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். கரும்புகையும் அதன் நெடியும் அக்காலத்து வீதிகளின் அடையாளமாயின.

இதனை ஏதோ திடீரெனத் தோன்றிய மேதைமை என்று கொள்ளுதல் பொருந்தாது. வெங்காயத் தோட்டத்துக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் கிணற்றுநீர் இறைத்த சிறு பம்பிகள் போருக்கு நெடுங்காலம் முன்னரே பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவையாக இருந்தன. அப்பம்பிகளைக் கழற்றிப் பூட்டிய கமக்காரரின் கையறிவே காருக்குள்ளும் புகுந்தது. பிரித்தானிய உழவு இயந்திரங்களிலும் இதே முறை இருந்தது. 1940 களின் இறுதியில் வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளுக்கு மாறுவதாகவே வடிவமைக்கப்பட்டிருந்தது.

அம்முறை ஏன் பலித்தது என்பதையும், அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதையும் சற்று நோக்குதல் தகும். பெற்றோல் கடுங்குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல்தான் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். எனவே குளிர்ந்த எஞ்சினில் அது எரியாது; சூடான எஞ்சினில் எரியும். பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவாக இருந்தமையால் தரங்குறைந்த எரிபொருளையும் அவை ஒருவாறு தாங்கின. ஆனால் முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. ஒயில் நீர்த்தமையால் உராய்வு கூடித் தாங்கிகள் தேய்ந்தன; வால்வுகளிற் கரி படிந்தது. மாற்றுவதற்குப் புதிய ஒயிலும் அரிதாகவே கிடைத்தது. வேறு வழியின்மையால் செய்யப்பட்ட செயல் அது. இன்றைய பெற்றோல் வாகனத்தில், ஊசிவழி எரிபொருள் செலுத்தும் அமைப்பும் புகை வடிக்கும் மாற்றியும் இருக்கும் நிலையில், அதனைச் செய்து பார்ப்பது சட்டத்துக்கும் ஒவ்வாது, வாகனத்தையும் கெடுக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே கொண்டுவரத் தக்கது மண்ணெண்ணெய் அன்று. ஒரு பொருளைக் கழற்றுமுன் அது எவ்வாறு இயங்குகிறது என்று எண்ணிப் பார்த்த அந்தப் பழக்கமே.

இனி இத்தாலியச் சட்டம். 1992 பெப்ரவரி 5 ஆம் திகதிய 122 ஆம் இலக்கச் சட்டம் வாகனத் திருத்தத் தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. வாகன உரிமையாளர் தம் வாகனத்தின் பராமரிப்பையும் திருத்தத்தையும் பதிவுபெற்ற நிறுவனத்திடமே ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் பொது விதி. வழமையான சிறு பராமரிப்பு அவ்விதிக்கு விலக்கு. கழுவுதல், எரிபொருள் நிரப்புதல், காற்று வடியையும் ஒயில் வடியையும் மாற்றுதல், எஞ்சின் ஒயிலையும் குளிர்விக்கும் நீர்மத்தையும் மாற்றுதல் ஆகியவை திருத்தத் தொழிலுக்குள் அடங்கா என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆயின் அவற்றைச் செய்யும்போது சூழல் மாசையும் கழிவகற்றலையும் பற்றிய விதிகளைப் பேண வேண்டும். மின்குமிழ் மாற்றுதல், துடைப்பானின் இறப்பரை மாற்றுதல், பஞ்சரான சில்லைக் கழற்றி மேலதிகச் சில்லைப் பூட்டுதல் போன்றவை எவரும் செய்யும் சிறு வேலைகள். பிரேக், ஸ்ரியறிங், சஸ்பென்சன், காற்றுப்பை ஆகியவை அவ்வாறல்ல. ஊரில் பிரேக் குழாயின் காற்றைப் போத்தலும் குழாயும் கொண்டு தாமே வெளியேற்றிப் பழகியவர்கள் இங்கு பலர் உள்ளனர். அந்தக் கைத்திறனில் ஐயமில்லை. எனினும் பிரேக் பிழைத்தால் பாதிக்கப்படுபவர் வாகனத்துள் இருப்பவர் மட்டுமல்லர், வீதியைக் கடக்கும் பிள்ளையும்தான். அவ்வேலை பதிவுபெற்ற திருத்தகத்துக்கே உரியது.

இவ்வெல்லைக்குள் நின்று வீட்டிற் செய்யத்தக்க கருவிகள் எவை?

முதலாவது, ஒயில் ஏந்தும் தட்டு. கடையில் வாங்கினால் அதற்கும் காசு. சிசிலியில் வாழ்வோர் வீட்டிலோ அது ஏற்கெனவே இருக்கிறது. ஐந்து லீற்றர் ஒலிவ் எண்ணெய் வரும் சதுரத் தகரப்பேணி வெறுமையானதும், அதனைப் படுக்கையாகக் கிடத்தி, மேலே தெரியும் அகன்ற பக்கத்தைத் தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டி நீக்க வேண்டும். சுற்றிலும் இரண்டு செ.மீ. விளிம்பு விட்டு வெட்டினால் பேணி வளையாது. எடுத்துச் செல்லும்போது ஒயிலும் ததும்பாது. வெட்டிய விளிம்பைக் குறட்டால் உள்நோக்கி மடித்துத் தட்டிவிடுதல் அவசியம். அல்லாவிடின் கையைக் கிழிக்கும். பேணியின் வாயை மூடியோடு அப்படியே விட்டுவைத்தால், வேலை முடிந்தபின் மூடியைத் திறந்து ஒயிலைப் போத்தலுக்குள் சிந்தாமல் வார்க்கலாம். சிறிய காரின் எஞ்சினில் ஏறத்தாழ மூன்று லீற்றர் ஒயிலே இருக்கும் என்பதால் படுத்த பேணி அதனைக் கொள்ளும். முன்னரே தண்ணீர் ஊற்றி ஒழுக்கு உண்டா என்று பார்த்து, நன்கு துடைத்து உலர்த்திக்கொள்ளுதல் நன்று. எஞ்சின் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது ஒயிலை இறக்க வேண்டும். ஓடி வந்த உடனே இறக்கினால் கை வெந்துவிடும், முற்றாக ஆறியபின் இறக்கினால் அழுக்கு அடியிலேயே தங்கிவிடும்.

இரண்டாவது, கழற்றிய ஸ்குரூக்களை வைக்கும் மட்டை. இதற்கு ஒரு சதமும் வேண்டா. பழப்பெட்டியின் காட்போட் மட்டையில், கழற்றப் போகும் பகுதியின் உருவத்தைப் பேனையால் வரைந்து, ஒவ்வொரு ஸ்குரூவும் எங்கிருந்து கழன்றதோ அவ்விடத்தில் துளையிட்டுக் குத்தி வைக்க வேண்டும். நீளம் வேறுபட்ட ஸ்குரூக்களை மாற்றிப் பூட்டுவதாலேயே பல நல்ல பாகங்கள் உடைகின்றன. கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் போதாதா என்று இளையோர் கேட்பர். படம் உதவும்தான்; ஆனால் ஒயில் படிந்த விரலோடு தொலைபேசியைத் தடவுவதைக் காட்டிலும் மட்டை எளிது.

மூன்றாவது, சோதனை விளக்கு. 12 வோல்ற், 5 வாற் மின்குமிழ் ஒன்று, அதன் பிடி, இரண்டு வயர், ஒரு முதலைக் கவ்வி, ஒரு தடித்த ஊசி ஆகியவை போதும். கவ்வியை வாகன உடலின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியிற் பொருத்தி, ஊசியால் உருகியின் இரு முனைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் விளக்கு எரிந்து மறுமுனையில் எரியாவிட்டால் உருகி அறுந்தது என்று பொருள். முன்விளக்கோ ஹோர்னோ இயங்காதபோது பழுது உருகியிலா, மின்குமிழிலா, வயரிலா என்று ஐந்து நிமிடத்தில் அறியலாம். இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. இந்த மின்குமிழ் ஏறத்தாழ 0.4 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். உருகிப் பெட்டிக்கும் விளக்குகளுக்கும் அது பொருட்டன்று. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மெல்லிய வயர்களைத் தொட்டால் அக்கணினியைக் கெடுத்துவிடக்கூடும். மின்குமிழுக்குப் பதிலாக ஒளியுமிழ் இருவாயி ஒன்றையும் 1,000 ஓம் தடை ஒன்றையும் தொடராகப் பொருத்தினால் மின்னோட்டம் 0.01 அம்பியர் அளவுக்குக் குறையும். அதனைக் கொண்டேனும் மஞ்சள் நிற இணைப்பிகள் உள்ள காற்றுப்பை வயர்களை ஒருபோதும் தொடக் கூடாது. அது முகத்துக்கு நேரே வெடிக்கும் பொருள்.

நான்காவது கருவி ஏறத்தாழ எல்லாத் தமிழ் வீடுகளிலும் உண்டு. கொழும்புக்கோ சென்னைக்கோ பறக்குமுன் பயணப்பொதியை நிறுக்கும் கொளுவித் தராசே அது. சில்லின் போல்ட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று வாகனக் கையேடு கூறும். இறுக்கம் போதாவிடின் ஓட்டத்தில் சில்லு தளரும். மிகையாயின் போல்ட் நீண்டு புரி கெடும், அடுத்த முறை வீதியோரத்தில் கழற்றவும் இயலாது. இறுக்கத்தை அளக்கும் தனிக் கருவியை வாங்க இயலாதபோது தராசு கைகொடுக்கும். கணக்கு எளியது. கையேட்டில் 90 நியூற்றன் மீற்றர் என்றிருந்தால், போல்ட்டின் நடுவிலிருந்து 50 செ.மீ. தொலைவில் ஸ்பானரின் பிடியில் தராசைக் கொளுவி, பிடிக்குச் செங்குத்தாக, 180 நியூற்றன் வரும்வரை, அதாவது தராசு 18 கிலோவைச் சற்றுத் தாண்டும்வரை இழுத்தால் போதும். 40 செ.மீ. தொலைவாயின் ஏறத்தாழ 23 கிலோ. சரிவாக இழுத்தால் கணக்குப் பிழைக்கும். சட்டென்று வெட்டி இழுத்தாலும் பிழைக்கும். நான்கு போல்ட்டாயின் எதிரெதிராக மாறிமாறி இறுக்கி, சில்லைத் தரையில் இறக்கியபின் இறுதி அளவுக்குக் கொணர வேண்டும். சுமார் ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி சரிபார்த்தல் நல்ல பழக்கம். எஞ்சினின் உட்பாகங்களை இறுக்க இத்தராசு போதிய நுட்பம் உடையதன்று.

சில்லைக் கழற்றும்போது இறுகிப் போன போல்ட்டை இளக்க ஸ்பானரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டுவது பழைய முறை. 25 செ.மீ. பிடியை ஒரு மீற்றராக நீட்டினால் அதே பலம் நான்கு மடங்காகும். இளக்குவதற்கு மட்டும் அது தகும்; இறுக்குவதற்குக் குழாயைக் கையில் எடுத்தவர் போல்ட்டை முறித்துவிட்டே நிற்பார்.

தும்புத்தடியும் ஒரு கருவியே. பழைய தும்புத்தடியின் கம்பை அளவாக அறுத்து, ஓட்டுநர் இருக்கைக்கும் பிரேக் மிதிக்கும் இடையே முட்டுக் கொடுத்தால், ஒருவர் தனியாகவே பின்னால் சென்று பிரேக் விளக்குகள் மூன்றும் எரிகின்றனவா என்று பார்க்கலாம். அற்பமாகத் தோன்றும் இந்தச் சோதனைக்கு ஏன் இடம் என்றால், வாகனப் பரிசோதனைக்குச் செல்லுமுன் செய்ய வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று. ரெவிசியோனே எனப்படும் அப்பரிசோதனை, வாகனம் முதன்முறை பதிவான நான்காம் ஆண்டிலும் பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயம். 2021 நவம்பர் முதல் தனியார் நிலையங்களில் அதற்கான கட்டணம் 79.02 யூரோ ஆயிற்று. பரிசோதனை செய்யாத வாகனத்தை ஓட்டுபவருக்கு 173 யூரோவிலிருந்து தண்டம் தொடங்கும். எரியாத ஒரு மின்குமிழுக்காகவோ தேய்ந்த ரயருக்காகவோ பரிசோதனையில் தவறி, மறுபடி பணமும் ஒரு நாள் வேலையும் இழப்பது வருந்தத்தக்கது. ரயரின் வரிப்பள்ளம் 1.6 மி.மீ. ஆழத்துக்குக் குறையக் கூடாது. ஒரு யூரோ நாணயத்தைப் பள்ளத்துள் நிறுத்திப் பார்க்கலாம்: அதன் பொன்னிற விளிம்பு 3 மி.மீ. அகலம். விளிம்பு முழுதும் மறைந்தால் கவலையில்லை. பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் ரயர் மாற்றும் காலம் வந்துவிட்டது.

இனி, செய்யக் கூடாதவை. மேற்கூறிய கருவிகள் பிழைத்தால் ஒயில் சிந்தும், உருகி அறும், அவ்வளவே. வாகனத்தைத் தாங்கும் பொருள் பிழைத்தால் கீழே கிடப்பவர் எழமாட்டார். சிறிய காரும் ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ளது. பின்பெட்டியில் தரப்படும் ஜக் சில்லு மாற்றுவதற்கு மட்டும் உரியது. அதனை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே எவரும் தலையையோ உடலையோ நுழைக்கக் கூடாது. ஜக்கால் உயர்த்தி, பக்கத்தில் கிடந்த கல்லை முட்டுக் கொடுக்கும் வழக்கம் பலெர்மோத் தெருக்களிலும் காணப்படுகிறது. இந்நகரின் பழைய கட்டடங்கள் எழுந்த மஞ்சள் நிறக் கல், அஸ்ப்ராவிலும் பகேரியாவிலும் வெட்டப்பட்ட மென்மையான சுண்ணக் கல்லாகும். அறுக்கவும் செதுக்கவும் எளிது என்பதாலேயே அது விரும்பப்பட்டது. சுவரில் பரவலாக எடையைத் தாங்கும் அக்கல், ஜக்கின் முனையோ காரின் அடிச்சட்டமோ ஒரு புள்ளியில் அழுத்தும்போது முன்னறிவிப்பின்றிப் பொடிந்துவிடும். துளையுள்ள சீமெந்துக் கல்லும் செங்கல்லும் அவ்வாறே. மரம் முறியுமுன் நெரிந்து ஒலி எழுப்பும், கல் எழுப்பாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் வீடு கட்டியவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அவசரத்தில் கைக்கு எட்டியது கல்லாகவே இருக்கும்.

வாகனத்தைத் தாங்கும் இரும்புக் கால்களை வீட்டில் ஒட்டிச் செய்வதும் அதே காரணத்தால் கூடாது. ஒட்டு உள்ளே பிடித்ததா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. தாங்கும் எடை பொறிக்கப்பட்ட சோடிக் கால்களைக் கடையில் புதிதாக வாங்க வேண்டும். அல்பெர்கேரியாவின் பழம்பொருள் சந்தையில் ஸ்பானரும் சுத்தியலும் மலிவாக வாங்கலாம், தவறில்லை. முன்னர் எவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்று தெரியாத ஜக்கையும் தாங்குகாலையும் அங்கு வாங்குதல் சிக்கனம் ஆகாது.

மரத்தில் செய்யத்தக்கவை இரண்டு உண்டு. ஒன்று, சில்லுக்கு அண்டை கொடுக்கும் ஆப்பு. பத்து செ.மீ. சதுர மரத்தைக் குறுக்குச் சரிவாக அறுத்தால் இரண்டு ஆப்புகள் கிடைக்கும். மற்றையது ஏறுபடி. 25 செ.மீ. அகலமும் 4 செ.மீ. தடிப்பும் உள்ள முழுப் பலகைகளை, அடியில் ஒரு மீற்றர், அதன்மேல் 75 செ.மீ., அதன்மேல் 50 செ.மீ. என அடுக்கி ஸ்குரூவால் இறுக்கி, மேற்பலகையின் முடிவில் சில்லை மறிக்க ஒரு கட்டையைப் பொருத்த வேண்டும். இவ்வாறு இரண்டு செய்தால் முன்சில்லுகள் 12 செ.மீ. உயரும், ஒயில் திருகியை எட்டுவதற்கு அது பல வாகனங்களில் போதும். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று முற்றாகப் படிந்திருப்பதால் இதில் உள்வெற்றிடம் இல்லை, உடைந்து விழவும் ஒன்றுமில்லை. வெடித்த பலகையும் ஒட்டுப்பலகையும் தவிர்க்கத்தக்கவை. சமதரையில், கைப்பிரேக் இழுத்து, முதலாம் கியரில் நிறுத்தி, பின்சில்லுகளுக்கு ஆப்பு வைத்தபின்னரே கீழே கை நீட்ட வேண்டும். மொந்தே பெல்லெக்ரீனோ அடிவாரத்துச் சரிவான தெருக்களில் வசிப்போர் வேறு இடம் தேடிக்கொள்ளுதல் நன்று.

அம்மலையைக் குறிப்பிட்டமையால் றேடியேற்றரைப் பற்றியும் ஒன்று. சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குத் தமிழ்ச் சைவரும் கத்தோலிக்கரும் ஒன்றாக ஏறும் அந்த வளைவு வீதியில், கோடை வெயிலில் பழைய வாகனங்கள் கொதித்து நிற்பது உண்டு. நின்ற உடன் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே நீர்மம் அழுத்தத்தில் இருப்பதால் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த கணத்தில் கொதித்து ஆவியோடு பீறிடும். அரை மணி நேரமேனும் ஆறவிட வேண்டும். அவசரத்துக்குக் குழாய்நீர் ஊற்றலாம். பின்னர் அதனை இறக்கிவிட்டு உரிய நீர்மத்தை நிரப்பாவிடின், யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் கேத்தலில் விட்ட அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரின் நுண்குழாய்களை அடைத்துவிடும்.

பற்றரியில் கை வைப்பவர் முதலில் மோதிரத்தையும் சங்கிலியையும் கழற்ற வேண்டும். 12 வோல்ற் உடலை உலுக்காது. ஆனால் ஸ்பானருக்கும் உலோகத்துக்கும் இடையே மோதிரம் அகப்பட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். எதிர்முனையை முதலில் கழற்றி, இறுதியில் பூட்ட வேண்டும். எஞ்சினை மூடிய தரைத்தள அறைக்குள் இயக்கிப் பார்ப்பதும் உயிருக்கு ஆபத்து, காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை.

இறுதியாக, பேணியில் ஏந்திய அந்த மூன்று லீற்றர் ஒயில். ஊரில் அதனை வேலிக்கட்டைக்குக் கறையான் பிடியாதிருக்கப் பூசியிருப்பர், வண்டி அச்சுக்கு இட்டிருப்பர். இங்கே அதற்கு அனுமதி இல்லை. தெருச் சாக்கடையிலோ மலசல கூடத்திலோ ஊற்றினால் அது கடலுக்கும் நிலத்தடி நீருக்கும் செல்லும், சட்டப்படியும் குற்றமாகும். பயன்படுத்திய ஒயில் தோலுக்கும் கேடு. பல்லாண்டுத் தொடர்பு புற்றுநோய்க்கும் இட்டுச் செல்லக்கூடும் என்பதால் கையுறை அணிதல் வேண்டும். ஒயிலை மூடியுள்ள பிளாஸ்ரிக் போத்தலில் வார்த்து, தண்ணீரோ பெற்றோலோ பிரேக் நீர்மமோ கலக்காமல், பழைய வடியைத் தனிப் பையில் இட்டு வைக்க வேண்டும். வேறு பொருள் கலந்த ஒயிலை மீண்டும் சுத்திகரிக்க இயலாது. இத்தாலியில் பயன்படுத்திய ஒயிலைச் சேகரித்து மீள்சுத்திகரிப்புக்கு அனுப்பும் தேசிய அமைப்பு 1980 களிலிருந்து இயங்குகிறது. பலெர்மோவில் கழிவகற்றும் பொறுப்பு மாநகரசபையின் ராப் நிறுவனத்துக்கு உரியது. அதன் சேகரிப்பு நிலையங்களுக்குச் செல்லுமுன், வாகன ஒயிலையும் பழைய பற்றரியையும் எந்த நிலையம், எந்த நாளில், எவ்வளவு ஏற்கும் என்று கேட்டறிந்து, அடையாள அட்டையுடன் செல்லுதல் உகந்தது. புதிய பற்றரி விற்கும் கடைக்காரரிடம் பழையதை ஒப்படைப்பதும் எளிய வழி.

வாகனத்தைத் திருத்தகத்துக்குக் கொண்டுசெல்ல நேரும்போதும் இவ்வறிவு வீணாகாது. எந்த உருகி, எந்த விளக்கு, எந்தச் சூட்டில், எந்த ஒலி என்று கூறக்கூடியவரிடம் வீண்வேலைக்குப் பணம் கேட்பது கடினம். வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு கேட்க வேண்டும். அதற்கு இத்தாலியச் சொல் ‘பிரெவென்தீவோ’. மொழி தடையாயின் பழுதின் அறிகுறிகளை ஒரு தாளில் எழுதி, பள்ளிக்குச் செல்லும் பிள்ளையைக் கொண்டு இத்தாலியில் மாற்றிக் கையோடு எடுத்துச் செல்லலாம்.

வெட்டிய எண்ணெய்ப் பேணி, சோதனை விளக்கு, கொளுவித் தராசு, ஏறுபடி ஆகியவை மண்டபத்தின் பின்புற மேசையில் வைக்கப்பட்டுள்ளன. விரும்புவோர் எடுத்துப் பார்க்கலாம். தராசைக் கொளுவி இழுத்துப் பார்ப்பதற்கென ஒரு சில்லும் ஸ்பானரும் அருகில் உண்டு. பேணியின் விளிம்பு மடிக்கப்பட்டுள்ளது எனினும் சிறுவர்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லவும்.